வானில் 35 நிமிடம், தரையில் ஒன்பதரை மணி நேரம்: திருச்சி விமானங்களின் நேரக் கணக்கு பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்:
திருச்சி விமான நிலைய நிர்வாகத்தார்,
திருச்சியிலிருந்து விமானம் இயக்கும் நிறுவனங்களின் கால அட்டவணைப் பிரிவினர்,
தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (கும்பகோணம்) மேலாண்மையினர்.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகூர் பகுதிகளில் விமானச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் முகவர்கள் நாங்கள். எங்கள் கடைப் படி ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். சீட்டில் அச்சாகியிருக்கும் பதில் வேறு, ஊரிலிருந்து புறப்பட்டவருக்கு உண்மையில் ஆகும் நேரம் வேறு. இந்த இடைவெளி எங்கே உண்டாகிறது, யார் எதைச் செய்தால் அது குறையும் என்பதைக் கணக்கோடு எழுதுகிறோம். உதாரணத்துக்குத் திருச்சி–யாழ்ப்பாணம் தடத்தை எடுத்துக்கொள்கிறோம். இரண்டு முனையிலும் வட்டார விமான நிலையம், குறைந்த தூரம், சிறிய விமானம் என்பதால் கணக்கு பளிச்சென்று தெரியும்.

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 184 கிலோமீட்டர். விமானத் துறைக் கணக்கில் இது 99 கடல் மைல், சாதாரண மைலில் 114. இணையத்தில் தூரம் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். 99 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுச் சாதாரண மைலாக நினைத்துக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 159 வரும். 25 கிலோமீட்டர் காணாமல் போய்விடும். கடல் மைல் என்றால் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் என்றால் 1.609. இன்னும் சிலர் விமான நிலையத்தை விட்டுவிட்டு ஊரின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கிறார்கள். பலாலி யாழ்ப்பாண நகருக்கு வடக்கே தள்ளி இருப்பதால் அந்தக் கணக்கும் ஒத்து வராது.

அடுத்தது நேரம். தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, "14 நிமிடத்தில் யாழ்ப்பாணம்" என்று பகிர்கிறார்கள். இந்தத் தடத்தில் 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ இயக்குவது ஏ.டி.ஆர். 72 என்னும் விசிறி விமானம். ஜெட் இல்லை. சமநிலைப் பறத்தலில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடைக்காது. 184 கிலோமீட்டர் தடத்தில் பாதிக்கு மேல் ஏற்றமும் இறக்கமுமாகவே கழிந்துவிடும். வகுத்தால் 22 நிமிடம் வந்தாலும், சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை 35 நிமிடத்தை ஒட்டித்தான் ஆகும்.

அப்படியானால் அட்டவணையில் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். அட்டவணை நேரம், சக்கரத்துக்கு அடியிலிருக்கும் கட்டையை எடுத்ததில் தொடங்கி, மறுமுனையில் கட்டையை வைப்பதில் முடிகிறது. இன்ஜின் கிளப்பி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வாங்கி, ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவதற்குப் 10 நிமிடம். இறங்கிய பிறகு நிற்குமிடத்துக்கு வர 5 நிமிடம். தாமதத்துக்கென்று ஒதுக்கி வைப்பது இன்னொரு 10. எல்லாம் சேர்ந்துதான் ஒரு மணி நேரம். அதனால்தான் 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது. விமானி வேகமாக ஓட்டினார் என்று நினைக்க வேண்டியதில்லை.

எங்கள் கடைகளில் நாங்கள் போடும் கணக்கு இது: ஏ.டி.ஆர். என்றால் தூரத்தை 500 ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்ட வேண்டும். ஜெட் என்றால் 800 ஆல் வகுத்து அதே 30. யாழ்ப்பாணத்துக்கு 52 நிமிடம் வரும். 293 கிலோமீட்டர் நேர்தூரமுள்ள சென்னைக்கு ஜெட்டில் 52 நிமிடம், ஏ.டி.ஆரில் 65 நிமிடம். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிங்கப்பூருக்கு 4 மணி 15 நிமிடம். அட்டவணை இதற்கு 10 நிமிடம் முன்பின்னாக வரும். அதற்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் தூரத்தையோ விமான வகையையோ தவறாக எடுத்திருக்கிறோம் என்று பொருள்.

சிங்கப்பூர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சீட்டில் இரு முனையிலும் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகும். நள்ளிரவு 12.30 புறப்பாடு, காலை 7.15 வருகை என்று பார்த்துவிட்டு ஏழு மணி நேரப் பயணம் என்று சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது; அதைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம்தான். துபாய்க்கு நேர்மாறாக ஒன்றரை மணி நேரம் கூட்ட வேண்டும். இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம்.

காற்றைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். ஆடிக் காற்றில் விமானம் தாமதமாகுமா? திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் தென்கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் வீசும் மேற்குக் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முன்னால் நின்று தடுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளினாலும் இவ்வளவு குறைந்த தூரத்தில் மிஞ்சுவது இரண்டு நிமிடம்தான். அதைவிடக் கூடுதல் நேரத்தைத் தின்பது ஓடுபாதையின் திசை. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக, 2,480 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. விமானம் காற்றுக்கு எதிராகத்தான் எழும்ப வேண்டும். மேற்குக் காற்றுக் காலத்தில் கரூர்ப் பக்கம் பார்த்து எழும்பி, சுற்றித் திரும்பித் தென்கிழக்கைப் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது கிழக்கே எழும்பி அப்படியே போய்விடலாம். ஆனால் அந்த மாதங்களில் மழை மேகம் கூடுவதால் மறுமுனையில் இறங்க அனுமதிக்காகக் காத்திருக்க நேரும். ஆக, எந்தப் பருவத்திலும் ஏதோ ஒரு வகையில் ஐந்து, பத்து நிமிடம் போகும். அட்டவணை அதைத் தாங்கிக்கொள்ளும்.

வானத்துக் கணக்கு இவ்வளவுதான். அதில் குறை சொல்ல எங்களுக்கு எதுவும் இல்லை. குறை எல்லாம் தரையில்.

திருச்சியையும் பலாலியையும் வரைபடத்தில் வைத்து ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கந்தர்வகோட்டை அருகே போய், பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே நுழைந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கடலில் இறங்குகிறது. அதிராம்பட்டினத்திலிருந்து பலாலிக்கு நேர்தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த ஊர்க்காரர் என்ன செய்கிறார்? பட்டுக்கோட்டை வந்து, தஞ்சாவூர் வந்து, திருச்சி வந்து, 115 கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே போய், விமானம் ஏறி, தன் ஊர்ப் பக்கமாகவே திரும்பிக் கடலைத் தாண்டுகிறார். கோடியக்கரைக்காரருக்கு இன்னும் கொடுமை. அங்கிருந்து பலாலி ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதென்றால் இதுதான்.

ஊர் ஊராக விமான நிலையம் கட்டச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. சுற்று தவிர்க்க முடியாதது என்றால், அந்தச் சுற்றில் வீணாகும் நேரத்தையாவது குறைக்கச் சொல்கிறோம்.

பிற்பகல் 1.30 மணிக்கு யாழ்ப்பாண விமானம் என்று வைத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்திலிருந்து போகிறவரின் நாள் இப்படி நகரும். காலை 6 மணிக்கு நாகையில் பேருந்து ஏறுகிறார். தஞ்சாவூர் வர 8.15. மாறி ஏறக் கால் மணி நேரம். திருச்சி வரும்போது 9.50. பெட்டியை இறக்கி, நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்து, விமான நிலையம் சேர 10.30. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வதால் இது சரியான நேரம். கைவசம் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. 2.30க்குப் பலாலி. குடிவரவு, சுங்கம் முடிந்து வெளியே வர 3.15. நகருக்குள் போய்ச் சேர 4 மணி. பத்து மணி நேரத்தில் வானில் இருந்தது 35 நிமிடம்.

நாகைத் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பக்கமுள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல், பயணம் நான்கு மணி நேரம். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் விமானத்தைவிட, நாகைக்காரருக்குக் கப்பலே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது! வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும் என்பதால்தான் விமானமும் தேவைப்படுகிறது. மழைக்காலத்தில் விமானத்தை நம்பியிருக்கும் மாவட்டங்கள், விமான நிலையத்துக்கு ஒரு நேரடிப் பேருந்து இல்லாமல் இருப்பதுதான் எங்களை உறுத்துகிறது.

தஞ்சாவூரில் பயணிகள் விமானம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பார்கள். வாயுதூத் என்ற பழைய அரசு விமான நிறுவனத்தின் காலத்தில் சென்னைக்கு விமானம் பறந்த ஊர் அது, ஆசை நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தஞ்சாவூர்–சென்னை நேர்தூரம் 277 கிலோமீட்டர். திருச்சி–சென்னையைவிட 16 கிலோமீட்டர் குறைவு, ஏ.டி.ஆரில் இரண்டு நிமிடம். லாபம் முழுவதும் தரையில்தான் கிடைக்கும், அதாவது தஞ்சாவூர்–திருச்சிச் சாலையில் போகும் அந்த 55 கிலோமீட்டரில். மேலும் அது விமானப்படைத் தளம். 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 படைப்பிரிவு அங்கே இருக்கிறது. கோவாவின் டாபோலிம் விமான நிலையத்தில் வார நாள் காலை நேரங்கள் கடற்படைப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைப் போல, இங்கேயும் படையின் நேரம் போக மிஞ்சியதுதான் பயணிகளுக்குக் கிடைக்கும். வரட்டும், வரவேற்போம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து வெளிநாட்டு விமானம் பறக்கும்வரை காத்திருக்காமல், அடுத்த மாதமே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

முதல் வேண்டுகோள் போக்குவரத்துக் கழகத்துக்கு. கும்பகோணம் கோட்டம் ஒன்றுதான் நாகையையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் கவனிக்கிறது. எந்தக் கோட்டத்தோடும் பேசி எல்லை பிரிக்க வேண்டியதில்லை. நாகையிலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாக ஒன்று, மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ஒன்று என இரண்டு தடங்கள் போதும். முடியும் இடம் பேருந்து நிலையமாக இருக்கக் கூடாது, விமான நிலைய முனையமாக இருக்க வேண்டும்.

வழியும் முக்கியம். தஞ்சாவூர்ச் சாலை துவாக்குடி வரை நன்றாக ஓடும். அதற்குப் பிறகு திருவெறும்பூர், அரியமங்கலம், பால்பண்ணை என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போக வேண்டும். சர்வீஸ் ரோடு இல்லாத நீளத்தில் உள்ளூர் வண்டியும் வெளியூர் வண்டியும் ஒரே பாதையில் நெரிகின்றன. பால்பண்ணை தாண்டி டி.வி.எஸ். டோல்கேட் வந்து அங்கே திரும்ப வேண்டும். காலை எட்டரையிலிருந்து பத்து மணி வரை இந்த ஒரு துண்டில் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விமானம் தவறிப்போகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்தத் துண்டில்தான். துவாக்குடியிலேயே பிரிந்து மாத்தூர் வழியாகப் பஞ்சப்பூர் போகும் அரைவட்டச் சாலை இருக்கிறது. அதில் மாத்தூர் வரை வந்து, புதுக்கோட்டைச் சாலையில் வலப்பக்கம் திரும்பினால் விமான நிலையம். நகரத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். நேரம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடிவது, வேகத்தைவிடப் பெரிய நன்மை.

பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்கு வேறு வழி. விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில் என்பதால் அவர்கள் தஞ்சாவூர் போகத் தேவையே இல்லை; புதுக்கோட்டை வழியாக வந்தால் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் மாத்தூரில் அரைவட்டச் சாலைக்குத் திரும்பிப் பஞ்சப்பூர் போகும் பேருந்தில் ஏறிவிட்டால் விமான நிலையம் வராது. பெயர்ப் பலகையில் 'விமான நிலையம் வழி' என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். பெயிண்ட் செலவு மட்டும்தான்.

பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணப் புறநகர்ப் பேருந்தில் 30 கிலோ பெட்டியை வைக்க இடம் கிடையாது. படியில் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் நிறுத்தி, அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவர் எட்டி மிதித்து, கடைசியில் "சாமானுக்கு ஒரு டிக்கெட் எடு" என்பதில் சண்டை வரும். எஸ்.இ.டி.சி. பேருந்துகளில் உள்ளதுபோல் அடிப்பகுதியில் சாமான் அறை உள்ள வண்டி வேண்டும். சாமான் கட்டணத்தைத் தலைக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடலாம். புதிய முனையம் சாலையோரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. சாலையில் இறக்கிவிட்டால் பெட்டியோடும் கைக்குழந்தையோடும் வெயிலில் நடக்க வேண்டிவரும். வண்டி முனைய வாசல் வரை போக விமான நிலைய நிர்வாகம் அனுமதியும், நிற்க ஓர் இடமும் தர வேண்டும்.

திரும்பும் பேருந்தை விமானம் இறங்கும் நேரத்துக்குப் போடக் கூடாது. குடியேற்றம், பெட்டி வரும் பெல்ட், சுங்கம் எல்லாம் முடிந்து கடைசிப் பயணி வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அட்டவணை வருகையிலிருந்து 75 நிமிடம் கழித்துப் புறப்பாடு. விமானம் தாமதமானால் பேருந்து 30 நிமிடம் காத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் ஊர் போய்ச் சேர வேண்டும். தாமதச் செய்தி நடத்துநருக்குக் கிடைக்க ஒரு கைபேசி எண் போதும், மென்பொருள் எதுவும் வேண்டாம். இரவு விமானங்களுக்கு இது இன்னும் அவசியம். விடியற்காலை இறங்குகிற ஒருவரை அழைத்துப்போக, ஊரிலிருந்து வாடகைக் கார் பேசி வீட்டிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள்.

விமான நிறுவனங்களிடம் கேட்பது இரண்டு. சீட்டில் புறப்பாட்டு நேரத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். பயணிக்கு உயிர் நாடி அதுவல்ல, பெட்டி வாங்கும் கவுண்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள், வெளிநாட்டுக்கு அதற்கும் முன்பே. அதைக் கடிகார நேரமாகவே, '12.15க்குக் கவுண்டர் மூடப்படும்' என்பதுபோல், தமிழிலும் அச்சிடுங்கள். '75 நிமிடங்களுக்கு முன்' என்று போட்டால் பதற்றத்தில் கழித்தல் கணக்குத் தவறிப்போகிறது. இரண்டாவது, முன்பதிவின்போதே விமான வகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஏ.டி.ஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டிப் பலகை சிறியது. ஜெட்டில் கையோடு கொண்டுபோகும் பெட்டி அதில் நுழையாமல் விமானப் படியருகே வாங்கிக் கீழே போடுகிறார்கள். மாத்திரை, நகை, பாஸ்போர்ட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். முன்பே தெரிந்தால் அவற்றைத் தனிப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

விமான நிலைய நிர்வாகத்துக்கு ஒரு பலகை யோசனை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஊர்வாரியாக 'இத்தனை மணிக்குள் புறப்படுங்கள்' என்று ஒரு பட்டியல், நிலையத்தின் இணையப் பக்கத்திலும் எங்கள் பேருந்து நிலையங்களிலும் இருக்கட்டும். தஞ்சாவூர் 55 கிலோமீட்டர், கும்பகோணம் 95, திருவாரூர் 115, மயிலாடுதுறை 130, நாகை 140 என்று தோராயமாக எடுத்து, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டு, அரை மணி நேரம் சேர்த்தால் எந்த நாளுக்கும் தாங்கும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். வயலிலிருந்து வழியும் தண்ணீர் சாலைக்கு மேல் ஓடும் இடங்கள் திருவாரூர், நாகைப் பக்கம் உண்டு.

கடைசியாக, தேதி. விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். பேருந்து நேரத்தை ஒருமுறை போட்டுவிட்டு அப்படியே விட்டால், ஆறு மாதத்தில் விமானம் போன பிறகு வந்து சேரும் பேருந்தாக அது மாறிவிடும். பிறகு "ஆளில்லாமல் ஓடுகிறது" என்று நிறுத்திவிடுவார்கள். நல்ல தடங்கள் பல இப்படித்தான் செத்துப்போகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று வாரம் முன்னதாக விமான நிலையம் புதிய நேரங்களைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கழகம் அதே ஞாயிற்றுக்கிழமை பேருந்து நேரத்தை மாற்ற வேண்டும். புதிய நேரங்கள் எங்களுக்கும் ஒரு பிரதி வந்தால், அன்றைக்கே எல்லாக் கடைகளிலும் ஒட்டிவிடுகிறோம். தடம் தொடங்கி முதல் மூன்று மாதம் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எந்த விமானத்துக்கு என்ற கணக்கையும் நாங்களே திரட்டித் தரத் தயார்.

இப்படிக்கு,
கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகூர் பகுதிப் பயணச்சீட்டு முகவர்கள்